பீச்சங்கு, மாதிரி எண் 7

வாலிநோக்கம் விலக்கில் இறங்கி
உப்பளச் சாலையில் நடந்தால்
மூன்றாவது மின்கம்பத்துக்கு அப்புறம் அந்த வேலி.
ஆடு கடிக்காது, ஆகையால் வேலி.
கசக்கினால் நாறும், ஆகையால் அந்தப் பெயர்.
பதிவேட்டில் மட்டும் நாகரிகமாகச்
சங்கங்குப்பி என்று எழுதினேன்.
பூ எந்தப் பெயருக்கும் பொருந்தவில்லை:
வெள்ளைக் குழலுக்கு வெளியே
ஊதா நூல்கள் நாலைந்து
எதையோ தொட நீண்டிருந்தன.

பாத்தியிலிருந்து ஏறி வந்தாள்
வேலிக்காரி பாகம்பிரியாள்.
கணுக்கால்வரை உப்பு வெளுத்திருந்தது.
"எதுக்கு வெட்டுற?"
"ஆராய்ச்சிக்கு."
"சிரங்குக்கு அரைச்சுப் போடுவோம், அது தெரியும்.
வேற என்ன கெடக்கு அதுல?"
"அதத்தான் பாக்கணும்."
"பாத்துட்டு வந்து சொல்லு.
வெட்டிட்டுப் போயி சொல்லாதவுக
மூணு பேரு ஆச்சு."

நிழலில் பன்னிரண்டு நாள் உலர்ந்தது.
அரைத்துச் சலித்து மெத்தனாலில் ஊறப்போட்டேன்.
பச்சை கசிந்து, கரும்பச்சையாகி,
கடைசியில் குடுவையின் அடியில்
தார்போல ஒரு விரற்கடை.
எட்டடி வேலி அவ்வளவுதான்.

ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு: மசிக்கறுப்பு.
பீனால் உண்டு.
குலுக்கினால் நுரை நின்றது. சபோனின் உண்டு.
மெக்னீசியத் துணுக்கும் அமிலமும் சேர
வெட்கம்போல ஒரு சிவப்பு. ஃபிளாவனாய்டு உண்டு.
உண்டு உண்டு உண்டு என்று எழுதிப்போனேன்,
எங்கள் தெரு ரேஷன் கடையில்
நான் கேட்டிராத சொல்.

பிறகு அந்த ஊதா.
இணையில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு
நிற்கும் மூலக்கூறின் நிறம் அது.
உடம்புக்குள் அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.
பக்கத்து வீட்டில் பிடுங்குவார்கள்;
பறிகொடுத்தவன் அதற்கடுத்த வீட்டில் பிடுங்குவான்;
தெருவே களவாடித் தெருவே இழக்கும்.

சாற்றை விட்டு
அரை மணி இருட்டில் வைத்தேன்.
மின்விசிறி நின்றது, வந்தது.
திறந்தபோது முதல் குழாய் இன்னும் ஊதா,
நான்காவது வெளுத்த கத்தரிப்பூ,
கடைசிக் குழாய் மஞ்சள்.
ஐந்நூற்றுப் பதினேழில் கருவி ஒரு எண் சொன்னது.
பக்கத்தில் நின்ற வைட்டமின் சி
அதைவிட நல்ல எண் சொன்னது,
கொஞ்சம் அலட்சியமாகவே.

மறுமாதம் போய்ச் சொன்னேன்.
"பிடுங்க வர்றதுக்குத்
தங்கிட்ட உள்ளதுல ஒண்ணக் குடுத்து
அடக்கிருது இந்தச் செடி.
ஆனா இது குழாய்ல பாத்தது.
ஒடம்புல எப்படின்னு தெரியாது,
காய்ச்சிக் குடிச்சிராதீங்க."

உப்பு வாருவதை நிறுத்தாமல் கேட்டாள்:
"சரி, குடுத்துட்டு அது என்னாகும்?"

நெறியாளர்கூட என்னைக் கேட்காத கேள்வி.
கொழுந்தனின் படகுக் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டு,
படகும் போய்க் கொழுந்தனும் போய்,
ஆறு வருசமாக வங்கிப் படி ஏறுகிறவள்
கேட்டாள்.

"அதுக்கும் ஒண்ணு குறையத்தான் செய்யும்.
ஆனா அந்தக் குறைய ஒரே எடத்துல வச்சுக்காது.
அதுக்குள்ள ஒரு வளையம் இருக்கு.
வளையம் பூராப் பரத்தி விட்டுரும்.
ஆளுக்குக் கொஞ்சம் தாங்குறதால
அடுத்தவன்ட்ட பிடுங்கப் போகாது."

வாருபலகையைச் சாய்த்துவிட்டு
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.
"வளையம்னா எத்தன பேரு?"
"ஆறு மூலை."

விரல் மடக்கினாள்.
மூத்த மக. அளத்துல கூட நிக்கிற சகாயசெல்வி.
தண்டல்காரன்ட்ட தவணை வாங்கிக் குடுத்த ராக்கு.
நாலாவது விரல்
பாதி மடங்கி நின்றது.

"எனக்கு மூல பத்தல" என்று சிரித்தாள்.
எழுந்துபோய் வேலியில்
பூவோடு ஒரு கிளையை
அவளே வெட்டிக் கொடுத்தாள்.

சாயல்குடி பஸ்ஸில்
மடியில் மாதிரி எண் எட்டு.
நாற்றம் தாங்காமல்
பக்கத்து இருக்கைக்காரர்
முன்னால் போய் நின்றுகொண்டார்.